பேற்று நோவைத் தணித்தல்: சபுரும் சிகிச்சையும்

நமது கிழக்கிலங்கை ஊர்களில் பிரசவ வேதனையைப் பெண்கள் 'நோவு' என்ற ஒரே சொல்லால்தான் சொல்வார்கள். "நோவு கண்டிட்டு" என்று ஒரு வீட்டிலிருந்து செய்தி வந்தால் மேலதிக விளக்கம் எதுவும் தேவையில்லை. ஆனால் அந்த நோவை எப்படிக் குறைக்கலாம் என்பது பற்றி நமது குடும்பங்களில் பேச்சே கிடையாது. எந்த ஆஸ்பத்திரி, எந்த டொக்டர், புள்ளைக்கு என்ன பெயர், நாற்பது நாளும் யார் கூட நிற்பது என்று எல்லாமே மாதக்கணக்கில் பேசப்படுகின்றன. நோவு பற்றிய பேச்சு மட்டும் "நாங்களெல்லாம் பெறல்லையா?" என்ற ஒரு வார்த்தையோடு முடிந்துவிடுகிறது.

பிரசவ விடுதிகளில் நீண்ட காலம் தாதியாகக் கடமையாற்றியவள் நான். ஓய்வு பெற்ற பிறகும் என்னைத் தேடி வரும் பெண்கள் மூன்று கேள்விகளைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். "ஊசி போட்டா புள்ளைக்கு ஒண்டும் செய்யாதா?" "முதுகுல ஊசி போட்டா இடுப்பு போயிருமாமே?" மூன்றாவதைக் குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள்: "மருந்து கேட்டா சபுர் இல்லாதவள் எண்டு ஆகுமா?" இக்கேள்விகளுக்கான பதில்களைத் தாய் நோவு தொடங்கும் முன்னரே அறிந்திருக்க வேண்டும். நோவின் நடுவில் எந்தப் பெண்ணாலும் நிதானமாக யோசித்து முடிவெடுக்க முடியாது. அப்போது அவளுக்காக மற்றவர்கள் முடிவெடுத்துவிடுவார்கள்.

நோவு எங்கிருந்து வருகிறது?

கருப்பை ஒரு தசைப் பை. அது இறுகித் தளர, இறுகித் தளர, அதன் வாய் மெல்லத் திறக்கிறது. முழுமையாகத் திறந்தால் ஏறத்தாழ 10 சென்டிமீட்டர். இது முதலாம் கட்டம். இந்தக் கட்டத்தின் நோவைக் கடத்தும் நரம்புகள் முதுகுத்தண்டை நெஞ்சுப் பகுதியின் கீழ்ப்புறத்திலும் இடுப்பின் மேற்புறத்திலும் சென்றடைகின்றன. அதனால்தான் அது அடிவயிற்றிலும் முதுகிலும் பரந்து, அலைபோல வந்து போகிறது. இரண்டாம் கட்டத்தில் புள்ள கீழிறங்கும்போது பிறப்பு வழியும் அதைச் சூழ்ந்த சதையும் விரிகின்றன. அந்த நோவு முதுகெலும்பின் அடிப்பகுதிக்குச் செல்லும் வேறு நரம்புகளால் கடத்தப்படுகிறது. அது கூர்மையானது, இடம் சுட்டிக் காட்டக்கூடியது.

நோவு எவ்வளவு நேரம் நீடிக்கும்? உலக சுகாதார நிறுவனம் 2018இல் வெளியிட்ட பரிந்துரைகளின்படி, கருப்பை வாய் 5 சென்டிமீட்டர் திறந்ததிலிருந்தே தீவிர நிலை கணக்கிடப்படுகிறது. அங்கிருந்து முழுதாகத் திறக்கும் வரை தலைப்பிள்ளைக்கு வழமையாக 12 மணித்தியாலங்களைத் தாண்டாது. அடுத்தடுத்த பிள்ளைகளுக்கு 10 மணித்தியாலங்களைத் தாண்டாது. அதற்கு முந்திய மெதுவான கட்டம் ஆளுக்காள் வேறுபடும். எனவே ஒருத்தி நான்கு மணித்தியாலத்தில் பெற்றாள் என்பதை வைத்து மற்றவளின் தைரியத்தை அளக்க முடியாது.

ஏன் இதை நாம் பேசவில்லை?

நமது மூத்தம்மாமாரின் காலத்தில் கேள்வி நோவைப் பற்றியதாக இருக்கவில்லை. உயிரைப் பற்றியதாக இருந்தது. கொழும்பில் டி சொய்சா மகப்பேற்று மனை 1879இல் திறக்கப்பட்டது. ஆனாலும் நாட்டின் பெரும்பாலான பெண்கள் அதற்குப் பின்னரும் பல தசாப்தங்கள் வீட்டிலேயே, மருத்துவிச்சியின் கையில்தான் பெற்றார்கள். 1930களில் ஒரு லட்சம் உயிர்ப் பிறப்புகளுக்கு 2,000க்கும் மேற்பட்ட தாய்மார் இறந்தார்கள். ஊர் ஊராக வந்த மருத்துவமாதுக்கள், இலவச வைத்தியசாலைகள், கிளினிக்குகள், பெண் கல்வி ஆகியவற்றால் அந்தத் தொகை 50க்கும் கீழே வந்திருக்கிறது. இன்று 99 வீதத்துக்கும் அதிகமான பிரசவங்கள் வைத்தியசாலைகளிலேயே நடக்கின்றன. தாயும் புள்ளயும் உயிரோடு வீடு வந்தால் போதும் என்ற பிரார்த்தனை பெருமளவு கபூலாகியிருக்கும் இக்காலத்தில், அந்தத் தாய் எவ்வளவு வேதனையோடு வந்தாள் என்று கேட்பது ஆடம்பரமல்ல.

சபுர் என்பது என்ன?

ஐரோப்பாவிலும் இந்தக் கேள்வி ஒரு காலத்தில் மார்க்கப் பிரச்சினையாகவே எழுந்தது. எடின்பரோவில் ஜேம்ஸ் யங் சிம்சன் 1847இல் ஈதரையும், அதே ஆண்டில் குளோரோஃபோமையும் பிரசவத்தில் பயன்படுத்தினார். பிரசவ வேதனை ஹவ்வாவுக்கு விதிக்கப்பட்டது என்ற பைபிளின் கூற்றைக் காட்டி அதை எதிர்த்தவர்கள் இருந்தார்கள். சிம்சன் அதற்குப் பதில் எழுத வேண்டியிருந்தது. 1853இல் விக்டோரியா மகாராணி தனது எட்டாவது பிரசவத்தில் குளோரோஃபோமை ஏற்றுக்கொண்ட பின் எதிர்ப்பு மங்கியது.

நமக்கு அந்தச் சிக்கல் இல்லை. அல்குர்ஆன் பிரசவ வேதனையைத் தண்டனை என்று சொல்லவில்லை. ஆதம் (அலை), ஹவ்வா (அலை) இருவருடைய தவறாகவும் அதைச் சொல்லி, இறைவன் மன்னித்ததையும் சொல்கிறது. தாயின் சிரமத்தை அது பேசுமிடங்களில், அச்சிரமம் பிள்ளைகள் மீது தாய்க்குள்ள உரிமையின் காரணமாகவே நினைவூட்டப்படுகிறது. மர்யம் (அலை) அவர்களின் வரலாற்றைப் பாருங்கள். நோவு அவரைப் பேரீச்ச மரத்தடிக்குக் கொண்டு சேர்க்கிறது. இதற்கு முன்பே இறந்துபோயிருக்கக் கூடாதா என்று அவர் கதறுகிறார். அந்தக் கதறலுக்காக அவர் கண்டிக்கப்படவில்லை. கவலைப்படாதே என்று குரல் கேட்கிறது. காலடியில் நீரோடை தரப்படுகிறது. கைக்கெட்டும் தூரத்தில் கனிந்த பழம் தரப்படுகிறது. உண்ணவும் பருகவும் கண் குளிர்ந்திருக்கவும் சொல்லப்படுகிறது. நோவில் துடிக்கும் பெண்ணுக்கு ஆறுதலும் உதவியும் தருவதே அந்த வரலாற்றில் இருக்கிறது.

நோய்க்கு மருந்து தேடும்படி நபி (ஸல்) அவர்கள் ஏவியிருக்கிறார்கள். சத்திரசிகிச்சைக்கு மயக்க மருந்து ஏற்பதை யாரும் சபுருக்கு எதிரானதாகக் கருதுவதில்லை. பல் பிடுங்க விறைப்பூசி போட்டுக்கொள்ளும் ஆண்பிள்ளைகளிடம் நாம் சபுர் பற்றிக் கேட்பதுமில்லை. மருந்தின்றிப் பெற விரும்பும் பெண்ணுக்கு அந்த விருப்பம் மதிக்கப்பட வேண்டும். மருந்து கேட்கும் பெண்ணின் ஈமானை எடைபோட நமக்கு உரிமையில்லை.

மருந்தில்லாத வழிகள்

இவற்றைச் சிலர் 'ஒண்டுமில்லாத ஆக்களுக்கு' என்று ஒதுக்கிவிடுகிறார்கள். அது தவறு. கிறாண்ட்லி டிக்-ரீட் என்ற ஆங்கிலேய வைத்தியர் 1930களிலிருந்து, பயம் உடலை இறுக்குகிறது, இறுக்கம் நோவைக் கூட்டுகிறது, கூடிய நோவு மீண்டும் பயத்தைக் கூட்டுகிறது என்று எழுதி வந்தார். நோவு முழுவதும் பயத்தால் வருவது என்ற அளவுக்கு அவர் போனதை ஏற்க முடியாது. ஆனால் பயந்த பெண்ணுக்கு நோவு கூடுதலாக இருப்பதை விடுதியில் வேலை செய்த எவரும் கண்டிருப்பார்கள்.

நன்மை தெளிவாக நிறுவப்பட்டிருப்பது தொடர்ச்சியான துணைக்குத்தான். 15,000க்கும் அதிகமான பெண்களை உள்ளடக்கிய ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2017இல் வெளிவந்த கொக்ரேன் மதிப்பாய்வின்படி, பிரசவம் முழுதும் ஒருவர் அருகில் நின்று ஆறுதல் தந்த பெண்களில் இயல்பான பிரசவம் கூடுதலாகவும், வலி நிவாரண மருந்தின் தேவை குறைவாகவும், நோவு நேரம் சற்றுக் குறைவாகவும் இருந்தது. நமது நாட்டில் சில வைத்தியசாலைகளில் பெண் துணை ஒருவரை அனுமதிக்கிறார்கள். உங்கள் வைத்தியசாலையில் அனுமதி உண்டா என்று கேளுங்கள். உண்டென்றால், சத்தம் போட்டுப் பயமுறுத்தாத, கையைப் பிடித்துக்கொண்டு பொறுமையாக நிற்கக்கூடிய ஒருவரைத் தெரிவுசெய்யுங்கள். அது உம்மாவாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. ராத்தாவாகவோ மச்சியாகவோ இருக்கலாம்.

நடப்பது, நிமிர்ந்து உட்காருவது, பக்கவாட்டில் படுப்பது, இடுப்பின் பின்புறத்தை உள்ளங்கையால் அழுத்தித் தேய்ப்பது, சுடுநீர் ஒத்தடம் ஆகியவையும் பயன் தருவன. மல்லாந்து அசையாமல் கிடப்பதுதான் நோவுக்கு மிக மோசமான நிலை. மூச்சை நீளமாக வெளியே விடும்போது திக்ருச் சொல்லும் பழக்கம் நமது பெண்களிடம் இயல்பாகவே உண்டு. ஒவ்வொரு நோவுக்கும் ஒரே அளவான, மெதுவான மூச்சோடு 'யா லத்தீஃப்' என்று சொல்லிப் பழகியவர்கள் கடைசி மாதத்திலேயே அதைப் பழகிக்கொண்டால், நோவின் நடுவிலும் அது கைகொடுக்கும்.

வாயு

பாதி நைதரசு ஒட்சைட்டும் பாதி ஒட்சிசனும் கலந்த வாயுவை 'என்டனொக்ஸ்' என்பார்கள். முகமூடியையோ குழாயையோ தாயே கையில் பிடித்து உறிஞ்ச வேண்டும். அரை நிமிடமளவில் வேலை செய்யத் தொடங்கும். நிறுத்திய சில நிமிடங்களில் உடலைவிட்டுப் போய்விடும். ஆகவே நோவு உச்சத்துக்கு வரும்வரை காத்திராமல், வயிறு இறுகத் தொடங்கும்போதே உறிஞ்ச வேண்டும். நோவை அது முற்றாக எடுக்காது. அதன் முனையை மழுக்கும். தலைசுற்றும், சிலருக்கு ஓங்காளம் வரும். புள்ளைக்குக் கெடுதி இல்லை. எல்லா ஆஸ்பத்திரிகளிலும் இது கிடைப்பதில்லை.

பெத்தடின் ஊசி

நமது அரசாங்க வைத்தியசாலைகளில் 'நோவு குறைக்கிற ஊசி' என்று பெண்கள் சொல்வது பெரும்பாலும் இதைத்தான். ஓபியம் வகையைச் சேர்ந்த இம்மருந்தைத் தசையில் போடுவார்கள். ஏறத்தாழ 20 நிமிடங்களில் வேலை தொடங்கி, இரண்டு முதல் நான்கு மணித்தியாலம் வரை நிற்கும். நோவை இது ஓரளவே குறைக்கும். பல பெண்கள், "நோவு இருந்திச்சு, ஆனா நான் தூரத்துல இருந்த மாதிரி" என்று சொல்வார்கள். நோவுக்கு நோவு இடையில் கண்ணயரலாம்; களைத்துப்போன தாய்க்கு அதுவே பெரிய உதவி. குமட்டலும் வாந்தியும் வரக்கூடும் என்பதால் வாந்தி தடுக்கும் மருந்தையும் சேர்த்துக் கொடுப்பதுண்டு.

"புள்ளைக்கு ஒண்டும் செய்யாதா?" என்ற கேள்வி இங்கேதான் பொருத்தமானது. பெத்தடின் நச்சுக்கொடி வழியாகப் புள்ளைக்குப் போகும். ஊசி போட்டு இரண்டு மூன்று மணித்தியாலத்தில் பிறக்கும் புள்ள தூக்கமாக இருக்கலாம், மூச்சு எடுக்கத் தாமதிக்கலாம், முதல் நாள் பால் உறிஞ்சச் சுணங்கலாம். அதனால்தான் பிறப்பு நெருங்கிவிட்டது என்று தெரிந்தால் தாதிமார் ஊசியை மறுப்பார்கள். "கேட்டும் போடல்ல" என்று மனம் நோகிறவர்கள் இந்தக் காரணத்தை அறிந்திருக்க வேண்டும். அப்படிப் பிறந்த புள்ளைக்குத் தேவையானால் அதன் விளைவை முறிக்கும் மருந்தும் உண்டு. மூச்சுக்கு உதவும் வசதியும் பிரசவ அறையில் உண்டு.

எபிடியூரல்

இன்றுள்ள வழிகளில் நோவை மிக நன்றாகக் குறைப்பது இதுதான். இடுப்புப் பகுதியில் இரண்டு முள்ளெலும்புகளுக்கிடையில் ஊசியைச் செலுத்தி, நூல்போன்ற மெல்லிய குழாயொன்றை வைத்துவிட்டு ஊசியை எடுத்துவிடுவார்கள். அக்குழாய் வழியாக விறைப்பு மருந்து சிறிது சிறிதாகப் போகும். வேலை செய்ய 20 நிமிடமளவில் எடுக்கும். பிறகு சிசேரியன் தேவைப்பட்டால் அதே குழாயால் மருந்தைக் கூட்டிச் சத்திரசிகிச்சையைச் செய்யவும் முடியும்.

இதற்கு மயக்க மருந்து வைத்திய நிபுணர் வேண்டும். தாயின் இரத்த அழுத்தத்தையும் புள்ளயின் இதயத் துடிப்பையும் தொடர்ந்து பார்க்க ஆள் வேண்டும். ஆகவே நமது நாட்டில் இது சில பெரிய வைத்தியசாலைகளிலும் தனியார் வைத்தியசாலைகளிலும்தான் பெரும்பாலும் கிடைக்கிறது. தனியாரில் இதற்கு வேறாகக் கட்டணம் உண்டு.

இதன் பாதகங்கள்: இரத்த அழுத்தம் குறையலாம், அதற்காக சேலைன் ஏற்றுவார்கள். நடுக்கமும் அரிப்பும் காய்ச்சலும் வரலாம். சிறுநீர் கழிக்கக் குழாய் தேவைப்படலாம். கால் கனத்து, எழுந்து நடப்பது சிரமமாகும். புள்ளயை வெளித்தள்ளும் இரண்டாம் கட்டம் சற்று நீளலாம். நூறு பேரில் ஒருவரளவில் கடுமையான தலையிடி வரலாம். அதற்குச் சிகிச்சை உண்டு. நிரந்தர நரம்புப் பாதிப்பு மிக மிக அரிது. இரத்தம் உறைவதில் குறைபாடு உள்ளவர்கள், இரத்தத் தட்டுக்கள் மிகக் குறைந்தவர்கள், இரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்கள் ஆகியோருக்கு இது ஏற்றதல்ல.

இனி, ஊரில் உலவும் மூன்று கதைகள். ஒன்று, "எபிடியூரல் போட்டா சிசேரியன்தான்." ஆய்வுகள் அப்படிக் காட்டவில்லை, சிசேரியன் வீதம் அதனால் கூடுவதில்லை. ஆயுதம் வைத்து எடுப்பது முன்னர் கூடுதலாகக் காணப்பட்டது. மருந்தின் அளவைக் குறைத்துக் கொடுக்கும் இன்றைய முறையில் அந்த வித்தியாசமும் மறைந்துவருகிறது. இரண்டு, "வாய் இவ்வளவு திறந்த பிறகுதான் போடலாம்." நோவு தொடங்கிய பெண் கேட்பதே போதிய காரணம், முந்திப் போடுவதால் சிசேரியன் கூடுவதில்லை. மூன்று, "வாழ்நாள் முழுக்க முதுகு நோகும்." எபிடியூரல் போட்ட பெண்களையும் போடாத பெண்களையும் ஒப்பிட்டால் நீண்டகால முதுகுநோவில் வித்தியாசமில்லை. பெற்ற பெண்களில் பலருக்கு முதுகு நோகத்தான் செய்கிறது. கர்ப்பத்தில் தளர்ந்த மூட்டு, குனிந்து பால் கொடுப்பது, குனிந்து குளிப்பாட்டுவது எல்லாம் சேர்ந்து தருவது அது.

நிபுணர் ஆணாக இருந்தால் என்ன செய்வது என்றும் கேட்கிறார்கள். பெண் வைத்தியர் இருந்தால் கேட்டுப் பார்க்கலாம். இல்லையென்றால், தேவைக்கேற்ப ஆண் வைத்தியரிடம் சிகிச்சை பெற மார்க்கத்தில் இடமுண்டு. இதில் திறக்க வேண்டியது முதுகின் கீழ்ப்பகுதி மாத்திரமே. ஒரு தாதி கூட நிற்கும்படி கேட்பது உங்கள் உரிமை.

வெட்டும்போதும் தைக்கும்போதும்

இதை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். புள்ள வெளிவரச் சிறு வெட்டு வைக்க வேண்டி வந்தாலோ, கிழிந்ததைத் தைக்க வேண்டி வந்தாலோ, அந்த இடத்தில் விறைப்பூசி போட வேண்டும். அது விறைக்கும்வரை காத்திருக்கவும் வேண்டும். பெரிய வசதியோ நிபுணரோ தேவையில்லாத ஊசி இது. தைக்கும்போது நோகிறதென்றால் வாயைத் திறந்து சொல்லுங்கள். "இன்னும் ரெண்டு தையல்தானே" என்ற பதிலோடு திருப்தியடைய வேண்டியதில்லை.

எடைபோடுவது எப்படி?

எல்லோருக்கும் பொருந்தும் ஒரே விடை கிடையாது. தலைப்பிள்ளை என்றால் நோவு நீளலாம். பெத்தடினுக்கும் எபிடியூரலுக்கும் போதிய நேரம் இருக்கும். மூன்றாவது பிள்ளையை விரைவாகப் பெறுகிறவருக்குப் பெத்தடின் போட நேரம் பிந்திவிடலாம். வாயுவும் நல்ல துணையுமே அவருக்குப் பொருந்தும். சேலைனில் மருந்து ஏற்றி நோவு வர வைக்கும்போது நோவு பலமாக வரும். மருந்தில்லாமல் பெற நினைத்தவரும் அங்கே மனதை மாற்றிக்கொள்ளலாம். கர்ப்பகாலத்தில் இரத்த அழுத்தம் கூடியவர்களுக்கு, இரத்தத் தட்டுக்கள் போதியளவு இருந்தால், வைத்தியரே எபிடியூரலைச் சிபாரிசு செய்வதுண்டு. அது அழுத்தத்தைக் கட்டுப்படுத்தவும் உதவும்.

எபிடியூரல் இல்லாத ஆதார வைத்தியசாலைதான் உங்களுக்குக் கிட்டவாக உள்ளது என்றால், அதற்காக மட்டும் கடன்பட்டுத் தூரத்துத் தனியார் வைத்தியசாலைக்கு ஓட வேண்டுமா? ஆபத்துக்கு உதவும் நிபுணரும் இரத்த வங்கியும் புள்ளைக்கான விசேட பிரிவும் எங்கே இருக்கின்றன என்பதை முதலில் பாருங்கள். அவை இருந்தால், நல்ல துணையும் பெத்தடினும் கொண்டு அங்கேயே பெறுவது பல குடும்பங்களுக்கு நியாயமான தெரிவு.

ஏழாம் எட்டாம் மாதக் கிளினிக்கில் இவற்றைக் கேட்டு வையுங்கள்:

1. இந்த ஆஸ்பத்திரியில் நோவு குறைக்க என்னென்ன உண்டு? இரவிலும் விடுமுறை நாளிலும் உண்டா?
2. எனது உடல்நிலைக்கு எது பொருந்தாது?
3. கூட நிற்க ஒருவரை விடுவார்களா?
4. நோவு வரும்போது நடக்கலாமா, தண்ணீர் குடிக்கலாமா, பேரீச்சம்பழம் சாப்பிடலாமா? சீனி வருத்தம் உள்ளவர்கள் கடைசிக் கேள்வியைக் கட்டாயம் கேளுங்கள்.
5. தையலுக்கு விறைப்பூசி போடுவார்களா?

பதில்களைக் கிளினிக் கொப்பியில் எழுதி, உங்கள் விருப்பத்தையும் மருத்துவமாதுவிடம் சொல்லி வையுங்கள். கணவனுக்கும் மாமிக்கும் அது தெரிந்திருக்கட்டும். எழுதியது மாறக் கூடாத ஒப்பந்தமல்ல. மருந்து வேண்டாம் என்று எழுதியவள் நடுவில் கேட்கலாம்; வேண்டும் என்று எழுதியவள் இல்லாமலே பெற்றுவிடலாம். இரண்டிலும் வெட்கப்பட எதுவுமில்லை.

கணவன்மாருக்கு ஒரு வார்த்தை. சம்மதம் கேட்கப்பட வேண்டியவள் நோவைச் சுமக்கிறவள்தான். உங்கள் கடமை அவளுக்கு முன்கூட்டியே தகவல் தேடிக் கொடுப்பது, செலவைப் பற்றி உண்மையைப் பேசுவது, அவள் எடுத்த முடிவைக் குடும்பத்தின் முன் தாங்கிப் பேசுவது. "நாங்களெல்லாம் பெறல்லையா?" என்ற பேச்சு வீட்டில் எழும்போது, பெற்றவர்கள் எல்லோரும் எப்படிப் பெற்றார்கள், எதைச் சகித்தார்கள் என்று உட்கார்ந்து கேளுங்கள். பல உம்மாமார் அதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. யாரும் அவர்களைக் கேட்டதுமில்லை.